சூடு ஆறாத கட்டில்

அந்தக் கடைசி அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்களாம். மனாமாவில் நான் பார்த்த வேலையில் இப்போது இருக்கும் சலீம் போனில் சொன்னான்.

"அண்ணே, மனநலம்னு பெருசா எழுதித் தொங்கவிட்டாச்சு. சனங்க கூச்சப்படாம உள்ள போவுது. உங்க காலத்துல அங்க எப்படி நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. இங்க புதுசா வந்தவங்க கேக்கறாங்க."

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. பேச்சும் எனக்குக் குறைவு. ஆனால் அந்த அறைக்குள் நிறையப் பேசியிருக்கிறேன். ஒன்றும் என் பேச்சு இல்லை. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

பஹ்ரைனுக்குத் தரை துடைக்கப் போனவன் நான். குதைபியாவுக்குப் பக்கத்தில் அரசாங்க ஹெல்த் சென்டர். சில வருடம் துடைப்பம், பிறகு பராஷ் வேலை. பராஷ் என்றால் டீ கொடுப்பது, பைல் தூக்குவது, பெயர் கூப்பிடுவது. இந்தியை நோயாளிகளிடம் கற்றேன். மலையாளம் நர்ஸ்களிடம். அரபி, திட்டு வாங்கி வந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து ஒரு மாற்றம் வந்தது. அதுவரை தலையில் கோளாறு என்றால் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். இனிமேல் ஹெல்த் சென்டரில் இருக்கும் குடும்ப டாக்டரே பார்க்கலாம் என்று அரசாங்கம் சொன்னது. அடையாள அட்டை இருந்தால் போதும். சின்னக் கட்டணம், மாத்திரை அரசாங்கச் செலவு. கம்பெனி ஆட்களுக்கும் உண்டு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கேம்ப்பில் இருந்தவனுக்குத்தான் தெரியும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் சீட்டு கம்பெனிக்குப் போகும். பிறகு கலாஸ், எல்லாம் முடிந்தது. விசா கேன்சல், அடுத்த விமானம். பாஸ்போர்ட்டோடு பைத்தியம் என்ற பெயரும் ஊருக்கு வரும். எங்கள் இடத்தில் அப்படி இல்லை. சர்க்கரை நோயாளிகள் வரும் இரண்டு நாளில்தான் இவர்களையும் வரச் சொல்வோம். ஒரே பெஞ்சு. யார் சர்க்கரைக்கு வந்தவர், யார் பயத்துக்கு வந்தவர் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அறைக்குப் பலகை கிடையாது.

அந்த அறையின் டாக்டர் உள்ளூர் அம்மா. அரபியில் பெண் டாக்டரை தொக்தோரா என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். உயரமானவர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நோயாளி உட்கார்ந்ததும் பைலைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். அவன் பேசி முடிக்கும்வரை பேனாவைத் தொடமாட்டார். நாற்காலியை மேசைக்கு எதிரே போடாமல் பக்கத்தில் போடச் சொல்வார். எதிரே உட்கார்ந்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும் என்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். தூங்கினாயா?

தமிழ் ஆட்கள் வந்தால் என்னை உள்ளே கூப்பிடுவார். முதல் நாள் நான், "தூக்கம் வரவில்லை என்று சொல்கிறான்" என்றேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொல்கிறான் வேண்டாம், ராசு. அவன் நான் என்றால் நீயும் நான் என்று சொல். நீ நடுவில் இருக்கவே கூடாது."

அன்றிலிருந்து நான் நான் என்றே பேசினேன். எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை யாரோ பின்னால் கூப்பிடுகிறார்கள். என் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள். நான் சாக வேண்டும்.

எங்கள் நர்ஸ் லீலாம்மா கோட்டயத்துக்காரர். கேலி அவருக்குக் கைவந்தது. "ராசுச்சேட்டா, காலைல உனக்கு வயித்துல பாம்பு, மத்தியானம் பிரசவ பயம். வைகுந்நேரம் என்ன வரும்?" என்பார். நானும் சிரிப்பேன். ஆனால் சில நாள் ரூமுக்குப் போய்க் குளிக்கும்போது, பகலில் சொன்ன ஒரு வரி வாயில் தானாக வரும். அது யார் சொன்னது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சின்னதுரை வந்தது ஒரு வெயில் காலத்தின் கடைசியில். அரியலூர்ப் பக்கம். சல்மாபாத்தில் கேம்ப். கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. நல்ல உடம்புக்காரன். கண் மட்டும் உள்ளே போயிருந்தது.

தொக்தோரா கேட்டார். தூங்கினாயா?

"இல்லண்ணே. கட்டிலு சூடா இருக்கு."

"என் கட்டில் சூடாக இருக்கிறது" என்றேன் அரபியில்.

"ஏசி இல்லையா?"

"இருக்கு. ஏசி போட்டு ரூமே சில்லுன்னு ஆனாலும் அந்த எடம் மட்டும் ஆற மாட்டேங்குது. வெயில் சூடு இல்லண்ணே அது. ஆளு படுத்து எந்திரிச்ச சூடு. தலகாணில பள்ளம்கூட இருக்கு."

கேம்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அவன் சைட்டில் பகல் ஷிப்டும் ராத்திரி ஷிப்டும் ஓடியது. கம்பெனி இரண்டு ஆளுக்கு ஒரு கட்டில் கொடுத்தது. பகல் டூட்டிக்காரன் எழுந்து போனதும் ராத்திரி டூட்டிக்காரன் வந்து படுப்பான். ஒரே மெத்தை, ஒரே போர்வை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது அபூர்வம். கட்டிலைப் பங்கு போட்டுக்கொள்வதால் பங்காளி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சின்னதுரையின் பங்காளி நாகர்கோவில் பக்கத்து ஆள். வயதானவர். சின்னதுரை எப்போதாவது சீக்கிரம் திரும்பினால் போர்வைக்குள்ளிருந்தே, "அதுக்குள்ள வந்துட்டியாப்பா?" என்பாராம். அவர் ஒரு பகலில் அந்தக் கட்டிலிலேயே இறந்துபோனார். தூக்கத்தில் நெஞ்சு நின்றுவிட்டது. கம்பெனி விரிப்பை மாற்றியது. மெத்தையை மாற்றவில்லை. ராத்திரி ஷிப்டும் அத்தோடு நின்றது. கட்டில் பகலில் காலி. ஒரு மாதம் போல ஒன்றுமில்லை. பிறகு சூடு தெரிய ஆரம்பித்தது.

"ரூம்ல மத்தவங்க என்ன சொல்றாங்க?"

"ஒனக்கு மனப்பிராந்திடாங்கறாங்க. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறான்."

தொக்தோரா பேனாவைத் தொடவில்லை. பிறகு அவனே சொன்னான்.

"எங்கண்ணனுக்கும் இப்படித்தான் முதல்ல தூக்கம் போச்சு. அப்புறம் செவுத்தோட பேச ஆரம்பிச்சாரு. கட்டிப் போட்டு வச்சிருந்தோம். எனக்குப் பொண்ணு குடுக்கறப்ப மாமனாரு கேட்டாரு, ஒனக்கு அது இல்லியேப்பான்னு. இல்லன்னேன். இப்ப இங்கருந்து பைத்தியம்னு அனுப்புனாங்கன்னா அவ என்னோட இருக்க மாட்டா. இருக்கவும் விட மாட்டாங்க."

அவ்வளவையும் நான் நான் என்று சொன்னேன். என் அண்ணனைக் கட்டிப் போட்டிருந்தோம் என்றேன். எனக்கு அண்ணனே கிடையாது.

தொக்தோரா சின்ன மாத்திரை ஒன்று எழுதினார். வாரம் ஒருமுறை வரச் சொன்னார். மாத்திரையில் தூக்கம் வந்தது. சூடு போகவில்லை. ஒரு வாரம் வந்தபோது, பயந்துகொண்டு ஒரு ராத்திரி தரையில் படுத்ததாகச் சொன்னான்.

"காலைல எந்திரிச்சு கட்டில்ல கைய வச்சுப் பாத்தேண்ணே. ராத்திரி பூரா காலியாத்தான் கெடந்துச்சு. சூடா இருந்துச்சு."

அதையும் சொன்னேன். தொக்தோரா பைலைத் திருப்பி எழுதிக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. கம்பெனி ஆட்களை இனி கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் டாக்டரே பார்ப்பார். அரசாங்கச் சலுகையில் மனநோய் பார்ப்பது உள்ளூர்க்காரர்களுக்கும் குடும்ப விசாவில் இருப்பவர்களுக்கும் மட்டும். நடுவில் நிற்கும் கேஸ்களின் பைலை அந்தந்தக் கம்பெனி டாக்டருக்கு அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் முதல்.

தொக்தோரா படித்துவிட்டு அதை மடித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார்.

"கம்பெனி டாக்டர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், ராசு?"

"கம்பெனியிடம், தொக்தோரா."

"அந்தக் கம்பி கட்டுகிறவன் பைலைத் திறந்தபடி அனுப்பினால் அவன் கதை முடிந்தது. மூட வேண்டுமானால் நோய் இல்லை என்று எழுத வேண்டும். தெரியாமல் எழுதமாட்டேன்."

அவன் கடைசியாக வந்த நாள் எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. காலையிலேயே வந்துவிட்டான். தொக்தோரா அன்று தூக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமையும் சூடு உண்டா?"

யோசித்தான். வெள்ளி லீவு. பகல் முழுக்க ரூமில் இருப்பான்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் இருந்ததில்லண்ணே. ஆமா. இல்ல."

"நீ டூட்டிக்குப் போன பிறகு பகலில் அந்த ரூமை யாராவது பார்த்ததுண்டா?"

"எல்லாரும் டூட்டிதானேண்ணே."

தொக்தோரா ஒருநாள் மெடிக்கல் லீவு எழுதினார். "இப்போதே போ. யாருக்கும் போன் பண்ணாதே. நேராக உன் கட்டிலுக்குப் போ. ராசு கூட வருவான்" என்றார். மருந்துப் பெட்டி ஏற்றிப் போகும் வேன் சல்மாபாத் வழியாகப் போனது. அதில் ஏறினோம்.

ஆள் இல்லாத லேபர் கேம்ப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் பார்த்தபோதெல்லாம் அது வெள்ளிக்கிழமையாக இருக்கும், சந்தை மாதிரி இருக்கும். அன்று உச்சி வெயிலில் ஒரு சத்தம் இல்லை. கொடியில் சட்டைகள் கை விரித்துத் தொங்கின. வாட்டர் கூலரிலிருந்து தண்ணீர் சொட்டியது. வரிசையாகக் கதவுகள்.

அவன் ரூம் வாசலில் நின்றுவிட்டான்.

"அண்ணே. ஏசி ஓடுது."

"ஓடட்டும்."

"நாங்க அமத்திட்டுத்தாண்ணே போவோம். அமத்தலன்னா கேம்ப் பாஸ் கத்துவாரு."

கதவு தாழ் போடவில்லை. தள்ளினேன். உள்ளே இருட்டு. ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்தார்கள். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டில்கள் எல்லாம் காலி. மூலையில் கீழ்க் கட்டில் மட்டும் காலியில்லை. தலையிலிருந்து கால்வரை போர்வை மூடி ஒரு உருவம் நீட்டிக் கிடந்தது. மூச்சு விடுவது தெரியவில்லை.

சின்னதுரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அந்த வெயிலில் வந்தும் அவன் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"பங்காளி" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

நான் பயந்தவன் என்று யாரும் சொன்னதில்லை. ஊரில் சுடுகாட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். அன்று என் கால் நகரவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் பேசியது.

"யாருப்பா அது?"

போர்வை விலகியது. முப்பது வயது இருக்கும். எண்ணெய் காணாத தலை. எங்களைப் பார்த்ததும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அண்ணே, போலீசுக்குச் சொல்லிராதீங்கண்ணே. சமையல்காரன்னு நெனச்சேன்."

பெயர் கதிர்வேல். பட்டுக்கோட்டைப் பக்கம். வேறு ஒரு முதலாளியிடமிருந்து ஓடி வந்தவன். கையில் பேப்பர் இல்லை. இப்படிப்பட்டவர்களை அங்கே கல்லிவல்லி என்பார்கள். ராத்திரி முழுக்க ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். பகலில் தலை சாய்க்க இடமில்லை. அந்த ரூமுக்குச் சமைக்கும் ஆள் இவன் ஊர்க்காரர். காலியாகக் கிடக்கும் கட்டிலைக் காட்டிவிட்டார். ரூமில் எல்லோருக்கும் தெரியும். சின்னதுரைக்கு மட்டும் தெரியாது.

சின்னதுரை கிட்டே போனான். அவன் கன்னத்தைத் தொட்டான். தோளை அமுக்கிப் பார்த்தான். கையைப் பிடித்துத் திருப்பினான், சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி.

"ஆளுதாண்ணே" என்றான். "ஆளுதான்."

தரையில் உட்கார்ந்து சிரித்தான். ரொம்ப நேரம் சிரித்தான். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "அடப்பாவி, படுத்ததுதான் படுத்த, அந்தப் போர்வைய ஏண்டா மூஞ்சி வரைக்கும் மூடுன?" என்றான்.

"வெளிச்சம் ஆவாதுண்ணே" என்றான் கதிர்வேல்.

சாயங்காலம் ரூம் ஆட்கள் வந்ததும் பெரிய சண்டை நடந்ததாம். "ஒனக்கு வாய் நிக்காது. சொன்னா கேம்ப் பாஸ் காதுல போய் நிக்கும். அதான் சொல்லல" என்றார்களாம். சின்னதுரையே கடைசியில் சொன்னானாம், அவன் பாட்டுக்குப் படுத்துட்டுப் போகட்டும் என்று. சமாதானம் ஆகிவிட்டது.

தொக்தோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தும் முறையை எழுதிக் கொடுத்தார். பைலில் நோய் இல்லை என்று எழுதி மூடினார். அன்று டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போடச் சொன்னார். அவர் அப்படிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். தரையில் படுத்த ராத்திரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கும் அப்போது நினைவு வரவில்லை.

மாதம் பிறந்தது. பெஞ்சு பாதியாகிவிட்டது. கம்பெனி ஆட்கள் வந்தால் வாசலிலேயே மாஃபி, இங்கே இல்லை என்று சொல்லி அனுப்ப வேண்டியது என் வேலை. சிலர் ஒன்றும் கேட்காமல் திரும்புவார்கள். சிலர் ரோட்டுக்கு எதிரே நின்று கொஞ்ச நேரம் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். லீலாம்மா என்னைக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

குளிர் தொடங்கிய பிறகு ஒருநாள் கதிர்வேல் வந்தான். வாசலில் ஓரமாக நின்றான். அட்டை இல்லாதவனை முன்பே பார்க்கமாட்டார்கள். இப்போது கேட்கவே வேண்டாம்.

"டாக்டரப் பாக்க வரலண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சின்னதுரை அண்ணன் எப்ப டூட்டிக்குப் போறாரு?"

"விடியறதுக்கு முன்னாடி பஸ். தெரியுமே உனக்கு."

"நான் போய்ப் படுக்கறப்ப பத்து மணிக்கு மேல ஆயிரும்." குரலைத் தாழ்த்தினான். "கட்டில் கம்பி தொட்டா சில்லுன்னு இருக்குண்ணே. தரை சில்லுன்னு இருக்கு. மெத்தைல நடுவுல மட்டும் சூடு. ஆளு அளவுக்கு. வெயில் காலத்துல எல்லாமே சூடு, தெரியல. இப்பத் தெரியுது. நடுவுல யாருண்ணே வந்து படுக்கறா?"

அவனைப் பெஞ்சுப் பக்கம் கூட்டி வந்தேன்.

"இனி அங்க போவ மாட்டேன். எம்பசில சரணடைஞ்சு ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. பாவம், இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறாரு."

இருக்கச் சொல்லி பெஞ்சைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். தொக்தோரா தனியாக இருந்தார். என் வாய் பழக்கத்தில் பேசியது.

"நான் படுக்கும்போதும் கட்டில் சூடாக இருக்கிறது, தொக்தோரா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நோயாளியைப் பார்க்கும் பார்வை. கை பக்கத்து நாற்காலியை இழுத்தது.

"உனக்கா, ராசு?"

"இல்லை. வெளியே ஒருவன் இருக்கிறான்."

எழுந்து வந்தார். பெஞ்சில் யாரும் இல்லை. தொக்தோரா அந்தக் காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து கையை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தப் பைலை மூடிவிட்டோம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

பொங்கல் சமயத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. கதிர்வேல்தான். பட்டுக்கோட்டையிலிருந்து பேசினான். எம்பசியில் அவுட்பாஸ், நாட்டை விட்டுப் போகும் பேப்பர், கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்துவிட்டானாம். "பாயி சில்லுன்னு இருக்குண்ணே" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அடுத்த வருடக் குளிரில், ஒரு வெள்ளிக்கிழமை, குதைபியாவில் சின்னதுரையைப் பார்த்தேன். ஆள் பெருத்திருந்தான். ஊருக்குப் போய் வந்திருக்கிறான். மனைவி மாசமாக இருக்கிறாளாம். மாமனாரே ஏர்போர்ட் வரை வந்து வழியனுப்பினாராம். கடை வாசலில் நின்று டீ சொன்னோம்.

"அதே ரூம்தானா?"

"அதே ரூம், அதே கட்டிலு. வேற ரூம் தரேன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"தூக்கம்?"

"அதுக்கென்னண்ணே, படுத்தா விடியறதுதான் தெரியும். எல்லாம் கதிர்வேலு புண்ணியம். இந்தக் குளிருக்கு அவன் படுத்து எந்திரிச்ச சூட்டுல போய்ப் படுத்தா, ஊர்ல வைக்கோல் மேல படுத்த மாதிரி இருக்கு."

"கதிர்வேலைப் பார்த்தியா?"

"எங்கண்ணே பாக்கறது? அவன் பகலு, நான் ராத்திரி. பங்காளிங்க என்னைக்குப் பாத்துக்கிட்டோம்." சிரித்தான். "ரூம்ல அந்தப் பேச்ச யாரும் எடுக்கறதில்ல. நானும் கேக்கறதில்ல. சூடு இருக்கில்ல, அப்ப ஆளு இருக்கான்னு அர்த்தம்."

அவன் முகத்தைப் பார்த்தேன். கண் தெளிவாக இருந்தது. நன்றாகத் தூங்குகிறவனின் கண்.

"டீ ஆறுது" என்றேன். "குடி."